சுதந்திர தேவிக்குள் ஒரு மின்கலம்

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலை 1886-இல் திறக்கப்பட்டபோது பச்சையாக இல்லை. புதுச் செப்புக்குடத்தின் நிறத்தில் இருந்தது. மேனி முழுவதும் 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புத் தகடு. கடற்காற்று பட்டுப் பட்டு முதலில் பழுப்பேறியது, பிறகு பச்சை படர்ந்தது. 1906-இல் வர்ணம் பூசிவிடலாம் என்ற பேச்சு எழ, ஊர் மக்கள் எதிர்த்தார்கள். சோதித்துப் பார்த்த ராணுவப் பொறியாளர்களும், அந்தக் களிம்புதான் செம்புக்குக் காப்பு என்றார்கள். சரியான கணிப்பு: நூறாண்டில் தகடு தேய்ந்தது 5 சதவீதத்துக்கும் குறைவு.

உள்ளே கதை வேறு.

செம்பைத் தாங்கியது பொறியாளர் ஈஃபில் வடிவமைத்த இரும்புச் சட்டகம். அது அரிபட்டுக்கொண்டிருந்தது. ஆக்சிஜனோடு சேர்வதுதான் ஆக்சிஜனேற்றம் என்று பள்ளியில் முதலில் சொல்லித் தருவார்கள். மேல்வகுப்பில் வரையறை விரியும்: எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம். முதல் வரையறையோடு நின்றுவிட்டால் சிலையின் நோய் பிடிபடாது. இரும்பு எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுவிடும், செம்பு அப்படியல்ல. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, உப்பு ஈரமும் சேர்ந்துவிட்டால் அது மின்கலமேதான். இரும்பு இழக்கும் எலக்ட்ரான்கள் செம்புக்கு ஓடும். அங்கே ஈரத்தில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்ளும். செம்பின் பரப்பு பெரிதாக இருந்தால் இரும்பு இன்னும் வேகமாக அரிபடும்.

இந்த ஆபத்து அன்றைக்கே தெரிந்ததுதான். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலின் அடிப்பகுதியில் செப்புத் தகடு அடித்தது. இரண்டே ஆண்டில் இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இடையில் சிக்கிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்தன. சிலையைக் கட்டியவர்களும் இரு உலோகங்களுக்கும் நடுவே அரக்கில் தோய்த்த கல்நாரை வைத்தார்கள். அது நைந்து, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டது. காவலே களவுக்குத் துணைபோனது! துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். சட்டகத்தின் இரும்புப் பட்டைகள் உப்பி, ரிவெட் ஆணிகளைப் பிடுங்கித் தள்ளின. 1984-86 சீரமைப்பில் 1,300-க்கும் மேற்பட்ட பட்டைகளைக் கழற்றிவிட்டு, துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைப் பொருத்தினார்கள். நடுவே இம்முறை டெஃப்லான்.

இதே வேதியியலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தவர் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. 1824-இல் கப்பல்களின் செப்புத் தகட்டோடு இரும்பையும் துத்தநாகத்தையும் துண்டுதுண்டாகப் பொருத்தினார். துண்டுகள் கரைந்தன, செம்பு தப்பித்தது. வேதியியல் ஜெயித்தது, கப்பல் தோற்றது. அதுவரை மெல்லக் கரைந்துகொண்டிருந்த செம்புதான் கொட்டலசுகளையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. கரைவது நின்றதும் அடிப்பகுதி முழுக்க அவை மண்டிக்கொள்ள, கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. ஆனாலும் டேவியின் உத்தி வீணாகவில்லை. இன்றைய எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன.