யார், எப்போது மாற்றினார்கள்?

ஒரு கம்பெனியின் சம்பளக் கணக்கோ விலைப்பட்டியலோ திடீரென்று பிசகினால், 'போன மாதம்வரை சரியாகத்தானே இருந்தது, இடையில் யார் கை வைத்தது?' என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் கருவி ஒன்று பெரிய நிறுவன மென்பொருள்களில் உண்டு. அதைப் புரோகிராமர்களின் சொந்தச் சௌகரியமாக நினைத்து நிர்வாகம் கண்டுகொள்வதில்லை. என் பார்வையில் அது கணக்குப் புத்தகத்துக்கு இணையான சாட்சியம்; அப்படித்தான் அதைப் பாதுகாக்கவும் வேண்டும்.

எஸ்.ஏ.பி.யை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எம்.மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் அது. கொள்முதல், கிடங்கு, கணக்கு, சம்பளம் என்று எல்லாவற்றையும் அதன் மென்பொருளில் நடத்தும் பெரிய கம்பெனிகள் உலகெங்கும் உள்ளன. அதன் புரோகிராம்களை எழுதும் மொழி அபாப். இந்தப் புரோகிராம்கள் தனித்தனி ஃபைல்களாக இல்லாமல், கம்பெனியின் வரவு செலவு இருக்கும் அதே டேட்டாபேஸுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மாற்றத்தை அடுத்த சிஸ்டத்துக்கு அனுப்ப, புரோகிராமர் அதை ஒரு 'ட்ரான்ஸ்போர்ட் ரிக்வெஸ்ட்'டில் சேர்த்து 'ரிலீஸ்' செய்வார். அந்த நேரத்தில் புரோகிராமின் நிலை ஒரு வெர்ஷனாகப் பதிவாகிவிடும். தேதி, நேரம், மாற்றியவரின் பயனர் பெயர், ரிக்வெஸ்ட் எண் எல்லாம் கூடவே நிற்கும். இரண்டு வெர்ஷன்களை அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிடலாம். நடப்பு வடிவம் மட்டுமே முழுதாக இருக்கும். முந்தையவை வித்தியாசங்களாக மட்டும் சேமிக்கப்பட்டு, கேட்கும்போது பின்னோக்கிக் கட்டியெழுப்பப்படும். திரையில் ஒவ்வொரு புரோகிராமாகத்தான் பார்க்க முடியும். ஆயிரக்கணக்கில் பார்க்க வேண்டியிருந்தால், உள்ளேயே இருக்கும் ஃபங்ஷன் மாட்யூல்களைக் கூப்பிட்டு எல்லா வெர்ஷன்களையும் வெளியே இழுக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் எதற்கு, தினமும் பேக்கப் எடுக்கிறோமே என்று கேட்கலாம். பேக்கப் என்பது ஒரு நாளின் மொத்த நிலை. ஒரே ஒரு புரோகிராமின் ஆறு மாத மாற்றங்களை அறிய, பழைய பேக்கப் ஒவ்வொன்றையும் வேறொரு மெஷினில் ஏற்ற வேண்டும். ஏற்றினாலும் 'யார்' என்பது எளிதில் கிடைக்காது. இன்னொரு கூட்டம், பழைய வரிகளை அழிக்காமல் முன்னால் நட்சத்திரக் குறி போட்டு, பெயரும் தேதியும் எழுதி புரோகிராமுக்குள்ளேயே விட்டுவைக்கும். பழைய அபாப் புரோகிராம்களில் உயிருள்ள வரிகளைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலையாகிப்போனது இப்படித்தான். அந்தக் குறிப்பை யாரும் திருத்தலாம், எழுதாமலும் போகலாம். ரிலீஸில் பதிவான வெர்ஷன் அப்படி ஒருவரின் பழக்கத்தை நம்பி இருப்பதில்லை.

வலுவான ஆட்சேபம் கிட்டை முன்வைப்பது. கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்ய லினஸ் டொர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் எங்கும் பரவிவிட்டது. அபாப்கிட் என்ற திறந்த மூலக் கருவி வழியாக எஸ்.ஏ.பி. புரோகிராம்களையும் அதில் வைக்கலாம். நல்லதுதான். ஆனால் ஏற்றிய நாளின் வடிவத்திலிருந்துதான் அங்கே வரலாறு தொடங்கும். அதற்கு முந்தைய இருபது ஆண்டு மாற்றங்கள் பழைய டேட்டாபேஸிலேயே தங்கிவிடும்.

எந்த வடிவம் எங்கே ஓடுகிறது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, எஸ்.ஏ.பி.க்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கு சான்று. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல், எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய புரோகிராம் கோடை ஏற்றத் தவறியது. ஆண்டுக்கணக்கில் பயன்படாமல் கிடந்த பழைய கோடு அதில் விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டியது. காரணம் புரியாமல், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்தார்கள். நிலைமை இன்னும் மோசமானது. சுமார் 45 நிமிடங்களில் குவிந்த ஆர்டர்களால் நட்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. வெர்ஷன் பட்டியல் ஒன்று இருந்திருந்தால் அந்தத் தவறே நடந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த சர்வரில் எது ஓடுகிறது என்று உடனே ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், அந்த ஏழிலும் கை வைத்திருக்க மாட்டார்கள்.

கருவியின் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். வெர்ஷன்கள் குவிவது புரோகிராம்கள் எழுதப்படும் டெவலப்மென்ட் சிஸ்டத்தில்தான். அதற்கென்று அமைப்பை மாற்றாவிட்டால், அன்றாட வியாபாரம் ஓடும் புரொடக்‌ஷனில் பொதுவாகப் பதிவாவதில்லை. புரொடக்‌ஷனின் நகலை டெவலப்மென்ட் மேல் அப்படியே ஏற்றினால், முன்கூட்டி எடுத்துவைக்காத வரலாறு ஒரே இரவில் காணாமல் போகும். எஸ்.ஏ.பி.யின் பழைய தலைமுறை மென்பொருளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது; கம்பெனிகள் புதியதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. பழைய டெவலப்மென்ட் சிஸ்டத்தை அணைக்கும் முன் வெர்ஷன்களை வெளியே எடுப்பவர்கள், ரிக்வெஸ்ட் எண்ணையும் அதன் ஒரு வரி விவரத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். எந்த வரி மாறியது என்பதைக் கோடு காட்டிவிடும். எந்த வேலைக்காக மாற்றினார்கள் என்பது அந்த விவரத்தில்தான் இருக்கிறது.