பொது நூலக ஊழியரின் தொழிற்கல்வி: ஒரு சமூகவியல் நோக்கு

ஒரு பொது நூலகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு வினாக்களை எழுப்புகின்றோம். கட்டடம் எத்தகையது? நூல்கள் எத்தனை? மூன்றாவது வினாவொன்று பெரும்பாலும் எழுவதில்லை. நூலுக்கும் வாசகருக்கும் இடையே நின்று உழைப்போர் யாவர், அவர்கள் தமது தொழிலை எங்கே, எம்மொழியில், எவருடைய செலவிற் கற்கின்றனர் என்பதே அவ்வினா. பொது நூலகத்தின் சமூகப் பயனை அதன் ஊழியர் பெறும் கல்வியே பெரிதும் நிர்ணயிக்கின்றது என்பதும், அக்கல்வி தனிமனிதரின் வசதிக்கும் ஆர்வத்துக்கும் விடப்பட்டிருக்கும்வரை நூலகம் ‘பொது’ என்னும் அடைமொழிக்கு முழு உரிமை கோரவியலாது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். இலங்கையின் நிலைமையை, சிறப்பாகத் தமிழ் பேசும் மக்களிடையே பணிபுரியும் நூலக ஊழியரின் நிலைமையை, மையமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

1. நூலகத்தின் மூன்றாவது உறுப்பு

வரிப்பணத்தில் இயங்கும் பொது நூலகம் கைத்தொழில் முதலாளித்துவத்தின் காலத்தில் உருவான நிறுவனமாகும். பிரித்தானியாவில் 1850இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்கள் நூலகத்துக்கென வரி அறவிட அனுமதித்தது. ஆயின் அவ்வரிப் பணத்தைக் கொண்டு நூல்கள் வாங்க அச்சட்டம் இடமளிக்கவில்லை. 1855இலேயே அக்குறை நீக்கப்பட்டது. தொழிலாளி வாசிக்கவும் வேண்டும், அவன் வாசிப்பதற்கு அதிகம் செலவிடவும் கூடாது என்ற ஆளும் வர்க்கத்தின் இருமனநிலை இதிற் புலப்படுகின்றது. நூலகத் தொழிலுக்கென அமைப்புகள் தோன்றியது இதற்கும் பிற்பட்ட நிகழ்ச்சியே. அமெரிக்க நூலகச் சங்கம் 1876இலும் பிரித்தானிய நூலகச் சங்கம் 1877இலும் நிறுவப்பட்டன. மெல்வில் டூயி கொலம்பியாவில் நூலகக் கல்லூரியைத் தொடங்கியது 1887இல் ஆகும். முதலிற் கட்டடம், பின்னர் நூல், இறுதியிலேதான் ஊழியரின் கல்வி என்னும் இவ்வரிசை பிற்காலத்தில் குடியேற்ற நாடுகளிலும் திரும்பவும் நிகழ்ந்தது.

இவ்வரிசையைத் தலைகீழாக்கிச் சிந்தித்தோர் சிலர் உளர். 1913இல் நியூயோர்க் பொது நூலகத்தின் ஆண்டறிக்கையைப் படித்த லெனின் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அரிய ஏடுகள் எத்தனை பூட்டிவைக்கப்பட்டுள்ளன என்பதனால் நூலகம் பெருமையடைவதில்லை. நூல்கள் எவ்வளவு விரைவாக, எவ்வளவு பரவலாக மக்கள் கைகளிற் சேர்கின்றன என்பதே அளவுகோல் என்பது அவரது கருத்தாக இருந்தது. இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால், நூலை வாசகரிடஞ் சேர்க்கும் உழைப்பு உடனடியாக முதன்மை பெற்றுவிடுகின்றது.

தமிழ்நாட்டில் இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே கண்டறிந்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தனது நூலகராக நியமித்தபோது அவர் கணித ஆசிரியராக இருந்தார். நூலகப் பயிற்சி எதனையும் பெற்றிருக்கவில்லை. பயிற்சியின் பொருட்டு லண்டன் சென்று, யூனிவர்சிற்றிக் கல்லூரியில் பேர்விக் செயர்ஸிடம் பகுப்பாக்கம் பயின்று, பல நூலகங்களை நேரிற் பார்வையிட்டு 1925இல் திரும்பினார். ஊழியரொருவருக்கு வழங்கப்பட்ட ஓராண்டுக் காலக் கல்வி வாய்ப்பு எத்தகைய விளைவுகளைத் தோற்றுவிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாயிற்று. 1929இல் அச்சங்கம் பயிற்சி வகுப்பைத் தொடங்கிற்று. 1931இல் பல்கலைக்கழகம் அதனைப் பொறுப்பேற்றது. அதே 1931இல் வெளிவந்த அவரது ஐந்து விதிகளுள் இறுதியானது நூலகத்தை வளரும் உயிரியாகக் காண்கின்றது. அவ்வுயிரியின் உறுப்புகளாக நூல், வாசகர், ஊழியர் ஆகிய மூன்றையும் அவர் கொண்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. முதலிரண்டும் வளர மூன்றாவது வளராதிருப்பின் முழு உடலும் முடங்கிவிடும்.

2. இலங்கையில் தொழிற்கல்வியின் தோற்றம்

கொழும்புப் பொது நூலகம் 1925இல் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் 1933இல் கே. எம். செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய முயற்சி, 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் சிறு நூலகமாக மலர்ந்தது. அடுத்த ஆண்டில் அது நகரின் உள்ளூராட்சி அமைப்பின் பொறுப்பில் வந்தது. பின்னர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்துக்கமையவும், இரங்கநாதனின் ஆலோசனையுடனும் எழுந்த புதிய கட்டடம் 1959இல் திறந்துவைக்கப்பட்டது.

இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் 1940களிலிருந்து புதியதொரு வாசகர் கூட்டத்தை உருவாக்கியிருந்தன. கிராமத்துப் பாடசாலையிற் படித்து வெளியேறிய, ஆங்கிலம் அறியாத, வீட்டில் நூல்கள் இல்லாத இவ்வாசகருக்குப் பொது நூலகம் அத்தியாவசியத் தேவையாயிற்று. இப்பின்னணியிலேயே 1960இல் இலங்கை நூலகச் சங்கம் நிறுவப்பட்டதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1961இலிருந்து அச்சங்கம் நூலக வகுப்புகளை நடத்தி வந்துள்ளது. 1974இல் அது சட்டத்தினாற் கூட்டிணைக்கப்பட்டது. மூன்று நிலைகளைக் கொண்ட அதன் தகைமைநெறி, பட்டதாரிகளல்லாத ஊழியருக்கும் தொழிற் கல்வியின் கதவைத் திறந்துவைத்தது எனலாம்.

பல்கலைக்கழக மட்டத்தில், 1960களின் தொடக்கத்திற் பேராதனையில் பட்டப்பின் டிப்புளோமா நெறியொன்று நடைபெற்றது. 1973இல் களனியில் நூலக விஞ்ஞானத்துக்கெனத் தனித் துறை தோன்றியது. 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடிணைந்து தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் உருவாக்கப்பட்டது. அரசின் பக்கத்தில், 1970ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் தேசிய நூலக சேவைகள் சபையை அமைத்தது. அது 1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையாக மாற்றியமைக்கப்பட்டது.

நிறுவனங்களின் இப்பட்டியல் நம்பிக்கையளிப்பதே. ஆயினும் நிறுவனம் இருத்தலும் அதன் வாயில் எல்லோருக்கும் எட்டுதலும் ஒன்றல்ல.

3. வாய்ப்பும் சமூக நிலையும்

இலங்கையிற் பொது நூலகங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்களின் கீழ் இயங்குகின்றன. வருமானம் மிகுந்த மாநகர சபையின் நூலகருக்கும், ஆதனவரி அரிதாகக் கிடைக்கும் பிரதேச சபையொன்றின் நூலக உதவியாளருக்கும் கிடைக்கும் வாய்ப்புகள் ஒரே தன்மையன அல்ல. ஒரே ஊழியரே கதவைத் திறந்து, பத்திரிகைகளை அடுக்கி, நூல்களை இரவல் வழங்கி, மாலையிற் பூட்டிச் செல்லும் சிறு நூலகங்கள் பல. அவர் ஒரு நாள் பயிற்சிக்குச் சென்றால் நூலகம் ஒரு நாள் மூடப்படும். எனவே அவர் அனுப்பப்படுவதில்லை. எவருக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அவருக்கே அது கிட்டாது போகும் முரண்பாடு இங்கே அமைப்பின் உள்ளிருந்தே பிறக்கின்றது.

வகுப்புகள் வார இறுதியில் நடைபெறுவது ஊழியருக்கு வசதியெனக் கருதப்படுகின்றது. அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் தகும். நிறுவனத்துக்குத் தேவையான திறனைத் தொழிலாளி தன் ஓய்வு நேரத்தில், தன் ஊதியத்திலிருந்து கட்டணஞ் செலுத்திப் பெற்றுவருகின்றார்; அத்திறனின் பயனை நிறுவனம் செலவின்றிப் பெறுகின்றது. வீட்டு வேலையின் சுமையையும் தாங்கும் பெண் ஊழியரைப் பொறுத்தவரை அந்த ‘ஓய்வு நேரம்’ என்பதே பெயரளவிலானது.

செய்தி சென்றடையும் வழியும் இதனோடு தொடர்புடையது. பயிற்சி, புலமைப்பரிசில், கருத்தரங்கு ஆகியன பற்றிய அறிவித்தல் சபை அலுவலகத்துக்கு வருகின்றது. அங்கிருந்து நூலகத்தை அடைவதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிடுதல் நூலக ஊழியர் பலரும் அறிந்த அனுபவம். தலைநகரில் வாழ்வோரும், ஆங்கிலம் அறிந்தோரும், மேலதிகாரியோடு நெருக்கமுடையோரும் செய்தியை முன்கூட்டியே அறிகின்றனர். தகவலைப் பகிர்வதையே தொழிலாகக் கொண்டோர் தமது தொழில் பற்றிய தகவலைப் பெறாதிருப்பது நகைப்புக்குரியதன்று, துயரத்துக்குரியது.

முறைசார்ந்த நூலகங்களுக்கு வெளியேயும் ஒரு மரபு உண்டு. வடபகுதிக் கிராமங்களின் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் தொண்டர்களின் உழைப்பினால் வளர்ந்தவை. அவற்றின் ஜனநாயகப் பண்பு போற்றத்தக்கது. அதே வேளை, அவை ஊர் என்னும் அலகையும், பல இடங்களிற் சாதி என்னும் அலகையும் சார்ந்தே உருவாகின என்பதையும் மறைக்கவியலாது. அவற்றை நடத்தும் இளைஞருக்குப் பயிற்சி எதுவும் கிடைப்பது அரிது.

மலையகத்தின் நிலைமை இன்னுங் கடுமையானது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. 2018இல் அச்சட்டம் திருத்தப்படும்வரை இந்நிலை நீடித்தது. வாக்களிக்கும் உரிமையுடைய தொழிலாளி, தான் தெரிவு செய்த சபையின் நூலகத்தைத் தன் குடியிருப்பிற் காணாதிருந்தமைக்கு இது முக்கியமானதொரு காரணமாகும். நூலகமே இல்லாதவிடத்து ஊழியரின் பயிற்சி பற்றிய வினா எழுவதில்லை. சட்டத் தடை நீங்கிய பின்னர் அவ்வினாவைத் தள்ளிப்போட நியாயமில்லை.

4. பகுப்பாக்கமும் கருத்துநிலையும்

பயிற்சி கிடைத்தாலே போதும் என்றும் அமைதிகொள்ளவியலாது. எதைக் கற்பிக்கின்றோம் என்பது அடுத்த வினா. நூலகத் தொழிலின் நுட்பங்கள் சமூகச் சார்பற்றவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. நமது நூலகங்களிற் பெருவழக்கான டூயி தசாம்சப் பகுப்பைச் சிறிது ஆராய்ந்தாலே அவ்வெண்ணம் தளர்ந்துவிடும். 1876இல் வெளிவந்த அத்திட்டத்தில் சமயத்துக்கு 200 முதல் 299 வரையான எண்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றின் மிகப் பெரும் பகுதி கிறித்தவத்துக்குரியது. ஏனைய சமயங்கள் யாவும் 290களில் நெருக்கி வைக்கப்பட்டன: பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. சைவ சித்தாந்த நூல்களும் புராணப் பதிப்புகளும் நிறைந்த யாழ்ப்பாண நூலகமொன்றில் இந்த எண்ணமைப்பு என்ன இடர்ப்பாட்டை ஏற்படுத்தும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இலக்கியத்திலும் இதே சிக்கல் உண்டு. தமிழ் இலக்கியம் 894.811 என்னும் எண்ணைப் பெறுகின்றது. மொழியையே அடிப்படையாகக் கொண்ட இப்பகுப்பில் தமிழக நாவலும் ஈழத்து நாவலும் மலையக நாவலும் ஒரே அடுக்கிற் கலந்துவிடுகின்றன. ஈழத்து இலக்கியத்தின் தனித்துவம் பற்றி ஆய்வாளர் நீண்ட காலமாக வாதித்து வந்துள்ளனர். ஆயின் வாசகர் அத்தனித்துவத்தை நூலக அடுக்கிற் காண்பதற்கு, எண்ணோடு உள்ளூர்க் குறியீடொன்றைச் சேர்க்கும் துணிவும் அறிவும் ஊழியருக்கு வேண்டும். பட்டியலாக்கத்திலும் அவ்வாறே. மேலைத்தேயக் குடும்பப் பெயரை முன்வைத்து வகுக்கப்பட்ட விதிகள், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய தமிழ்ப் பெயர்களுக்கு நேரடியாகப் பொருந்தா. சொ. விருத்தாசலம், புதுமைப்பித்தன் ஆகிய இரு பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்பதை இணைப்புக் குறிப்பின் மூலம் காட்டத் தெரியாத பட்டியல், வாசகரைப் பாதி வழியிற் கைவிட்டுவிடும்.

இவ்விடயங்களைப் பாடநூல் மனனத்தாற் கற்கவியலாது. மொழி, இலக்கிய வரலாறு, சமூக வரலாறு ஆகியவற்றோடு இணைத்துத் தமிழிலேயே கற்பிக்கும்போதுதான் ஊழியர் தாமாகத் தீர்மானிக்கும் ஆற்றலைப் பெறுவர். கணினிப் பயிற்சிக்கும் இது பொருந்தும். நியூசிலாந்தின் பொது நூலகமொன்றின் தேவையிலிருந்து பிறந்து 2000ஆம் ஆண்டில் எவரும் விலையின்றிப் பயன்படுத்த வெளியிடப்பட்ட கோஹா என்னும் மென்பொருள், வசதி குன்றிய நூலகங்களுக்கு வாய்ப்பான கருவியாகும். கருவி இலவசமாகக் கிடைக்கின்றது. அதனைக் கையாளும் உழைப்பாளியின் கல்வியோ தானாகக் கிடைத்துவிடுவதில்லை.

5. செய்யத்தக்கன

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு வாசகரை வரவேற்றது. எரிந்தவற்றுட் கட்டடத்தை மீளக் கட்ட முடிந்தது. நூல்கள் பலவற்றை மீள வாங்க முடிந்தது. ஆனால் எந்த நூல் எங்கிருந்தது, எந்தச் சிறு பிரசுரம் எவ்வூரில் அச்சாயிற்று, எதனை எவரிடம் தேடிப் பெறலாம் என்னும் அறிவு மனிதரிடத்தே தங்குவது. 2002இல் முதற்றொகுதி வெளிவந்த நூலகர் என். செல்வராஜாவின் ‘நூல்தேட்டம்’, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகம் ஆகியவை அத்தகைய அறிவைத் திரட்டும் பணியிற் குறிப்பிடத்தக்கன. இப்பணி தனியாரின் அர்ப்பணிப்பை மாத்திரம் நம்பியிருத்தலாகாது.

எனவே சில கோரிக்கைகளை முன்வைக்கலாம். முதலாவது, பயிற்சி என்பது வேலை நேரத்தின் ஒரு பகுதியாகவும் ஊதியத்துடன் கூடிய உரிமையாகவும் ஏற்கப்படல் வேண்டும். கட்டணத்தை உள்ளூராட்சி மன்றமே செலுத்துதல் வேண்டும். இரண்டாவது, தனி ஊழியர் நூலகங்களுக்குப் பதிலாளை அனுப்பும் ஒழுங்கு மாவட்டந்தோறும் தேவை. மூன்றாவது, வாய்ப்புகள் பற்றிய சுற்றறிக்கைகள் மும்மொழியிலும் நூலகங்களுக்கே நேரடியாக அனுப்பப்பட்டு, கடைநிலை ஊழியரும் காணும்படி அறிவித்தற் பலகையில் இடப்படல் வேண்டும். நான்காவது, நம் நூலகங்களின் உண்மைப் பிரச்சினைகளிலிருந்து எழுந்த பாடநூல்கள் தமிழில் எழுதப்படல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இதிற் பங்குகொள்வது அவற்றின் கடமை. ஐந்தாவது, கற்றவருக்குப் பதவியுயர்வு உறுதி செய்யப்படல் வேண்டும். பயன் காணாத கல்வி காலப்போக்கிற் கசப்பாக மாறும்.

1972ஆம் ஆண்டு யுனெஸ்கோ பொது நூலகப் பிரகடனமும் 1994ஆம் ஆண்டுப் பிரகடனமும் பயிற்சி பெற்ற ஊழியரின் இன்றியமையாமையை வலியுறுத்தின. பிரகடனங்கள் தாமாக நடைமுறைக்கு வந்ததாக வரலாறு இல்லை. நூலக ஊழியர் தம்மைத் தனித்தனி உத்தியோகத்தராகக் கருதாது அறிவுத்துறைத் தொழிலாளராக இனங்கண்டு ஒன்றிணையும்போதும், வாசகராகிய நாம் அக்கோரிக்கையை நமது கோரிக்கையாகவும் ஏற்கும்போதும் மாற்றம் சாத்தியமாகும். தோட்டத்துச் சிறுமியொருத்தி ஒரு நூலின் பெயரை அரைகுறையாக நினைவுகூர்ந்து கேட்கும்போது, அதனைக் கண்டெடுத்து அவள் கையிற் கொடுக்க வல்லவர் ஒருவர் அங்கே இருப்பாராயின், அந்நூலகம் உண்மையிற் பொதுமக்களுடையதாகும்.