ஜீரண மருந்தும் நம் குடும்பங்களும்

தென்னாட்டிலிருந்து மாற்றலாகி நாகபுரிக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டில் நாள்தோறும் எழுந்த முறையீடு ஒன்றுதான்: “இவ்வூர்ப் பருப்பு ஜீரணமாவதில்லை.” ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் உண்டால் வயிறு உப்பிற்று. மருந்துக் கடையில் புரதத்தைச் செரிக்கச் செய்யும் நொதி மருந்து ஒன்றை வாங்கி வந்தேன். என் தகப்பனார் அதனைத் தவறாது அருந்தினார்.

நொதி என்பது உணவைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் பொருள். புரதத்தைப் பிரிக்க இரைப்பையில் பெப்ஸின் உண்டு. 1836-இல் ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் அதனைக் கண்டறிந்தார். கணையத்திலிருந்து வரும் டிரிப்ஸின் சிறுகுடலில் அவ்வேலையைத் தொடர்கிறது. கடை மருந்துகள் பலவற்றில் பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்ன் இருக்கும். நலமுள்ள உடலுக்கு இவற்றை வெளியிலிருந்து தரவேண்டிய அவசியமில்லை.

கடலையினால் வரும் உப்புசத்துக்குப் பெருங்காரணம் புரதமன்று. சிறுகுடலில் செரியாத சிலவகைச் சர்க்கரைகள் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகின்றன. புரதத்துக்கான நொதி அவற்றைத் தொடுவதில்லை. இரவெல்லாம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் நன்கு வேகவைத்தால் பெரும்பாலும் தொல்லை குறையும். எங்கள் வீட்டிலும் குறைந்தது.

ஆனால் தகப்பனாருக்குக் குறையவில்லை. உடல் மெலிந்தது, மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதந்தது. தண்ணீர் மாற்றம் என்று கூறி, மேலும் இரண்டு பாட்டில் வாங்கினேன். ஆறு மாதம் கழித்தே வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். கணையம் பழுதுற்றிருந்தது.

அவருக்கு நொதி உண்மையாகவே தேவைப்பட்டது; ஆனால் நான் வாங்கியது அதுவன்று. புரதத்தோடு கொழுப்பையும் மாவையும் செரிக்கும் கணைய நொதிக் குளிகைகளை வைத்தியர் அளவிட்டுத் தந்தார். இரைப்பை அமிலத்தில் கெடாதபடி உறையிட்டவை ஆதலால், மெல்லாமல் உணவோடு விழுங்கவேண்டும். அவை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. மரக்கறி உணவே உண்டு வந்த தகப்பனார், அதைக் கேட்டு இரண்டு நாள் பேசாதிருந்தார். மூன்றாம் நாள், “மருந்துதானே, கொடு” என்றார். இப்போது உடல் தேறி வருகிறார்.

அன்பர்களே, கடலை உண்ட அன்று வயிறு உப்பினால் சமையலைத் திருத்துங்கள். காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மலம் எண்ணெயாய் மிதந்தாலோ, வயிற்றுவலி ஓயாதிருந்தாலோ, பாட்டிலை நாடாமல் வைத்தியரை நாடுங்கள். நான் இழந்த ஆறு மாதத்தை நீங்கள் இழக்கவேண்டாம்.