ஒரு கன்னம் போல் மறு கன்னம் இல்லை

மட்டாஞ்சேரியிலும் பக்கத்துக் கோட்டைக் கொச்சியிலும் சுற்றுலாப் பயணிகளுக்காக மாலை வேளைகளில் கதகளி நடைபெறுகிறது. ஆட்டத்தைவிட அதற்கு முன் நடக்கும் ஒப்பனையையே பலர் ஆவலுடன் பார்க்கின்றனர். பச்சை வேடக்காரர் பாயில் மல்லாந்து படுத்திருப்பார். சுட்டிக்காரர் தலைமாட்டில் அமர்ந்து, அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தாடையோரம் இட்டு, அதில் வெள்ளைக் காகித விளிம்பைப் பதிப்பார். ஒரு பக்கம் சற்றே தூக்கிவிட்டால் போச்சு! கடைசி வரிசைக்காரர் கண்ணையும் அது உறுத்தும்.

அந்தப் பச்சையைக் கழுவிய பிறகு? எவர் முகத்திலும் இரு பாதியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு புருவம் ஏறியிருக்கும். மூக்கு இம்மியளவு சாய்ந்திருக்கும். சிலருக்குச் சிரிப்பே ஒரு பக்கமாகத்தான் வரும். வீட்டார் இதைக் கவனிப்பதில்லை. பழகிய கண்ணுக்கு அதுதான் முகம்.

நம் முகத்தை நாம் பழகியிருப்பதோ கண்ணாடியில், இடவலம் மாறி. 1977-இல் அமெரிக்காவில் உளவியலார் மூவர், மாணவிகளிடம் அவர்களுடைய புகைப்படத்தையும், அதையே இடவலம் மாற்றி அச்சிட்டதையும் காட்டினர். பெரும்பாலோர் மாற்றிய படத்தையே விரும்பினர். தோழியருக்குப் பிடித்தது நேர்ப் படம்! 'என் மூஞ்சி இப்படியா?' என்று ஸ்டூடியோக்காரரிடம் சண்டைக்கு நிற்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம்மவர் ஊர் விட்டு ஊர் வந்தாலும், ஜாதகத்தோடு வரும் ஒரே போட்டோவைப் பார்த்து 'வாய் கோணல்' என்று பெண்ணைத் தள்ளும் வழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. விளக்கு ஒரு பக்கமிருந்து விழுந்தாலே கன்னம் ஒட்டினாற்போல் தெரியும் என்பதை யார் யோசிக்கிறார்கள்? கோணலை உடற்குறையின் அடையாளமாகக் கருதுவோரும் உண்டு. பிரிட்டனில் 4,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் முகங்களை அளந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முகக் கோணலுக்கும் சிறு வயதில் வந்த நோய்களுக்கும் தொடர்பு தென்படவில்லை.

நேற்றுவரை இல்லாத கோணல் வேறு விஷயம். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஒழுகி, ஒரு கண் மூட மறுத்தால் அது முகவாதமாக இருக்கலாம். மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுவர். கை தளர்ந்து பேச்சும் குழறினால் பக்கவாதம் என்றே கொள்ள வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எந்த வாதம் என்று தீர்மானிப்பது டாக்டரின் வேலை. 'காற்று அடித்துவிட்டது' என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கும் வீடுகளில் கழிந்துபோவது அந்த நேரம்தான்.