கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு இரண்டு நிமிடச் சோதனை

டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. டீச்சர் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி இந்தப் புகார் எழுந்தால் பெரும்பாலும் திட்டு விழும், சில வீடுகளில் அடியும் விழும். சளி பிடித்து நீங்கிய பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து நின்றுவிடுவது சிறு வயதில் சர்வசாதாரணம். வலி இருக்காது, சீழ் வடியாது. அதனால் காதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊருணிகளில் முங்கிக் குளித்தவர்களுக்குத் தெரியும்: தலை தண்ணீருக்குள் போனதும் கரையில் நிற்பவர் போடும் சத்தம் அடங்கிப் போகும். ஒலி பரவுவதற்கு ஒவ்வொரு பொருளும் ஒரு தடை காட்டுகிறது. மருத்துவமனைச் சீட்டில் ‘இம்பிடன்ஸ்’ என்று எழுதுவது இதைத்தான். தண்ணீரின் ஒலித்தடை காற்றினுடையதைப் போல ஏறக்குறைய 3,600 மடங்கு. அதனால் காற்றில் வரும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழைகிறது. மீதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஜெல் தடவுவதும் இதனால்தான். கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்றுப் படலம் இருந்தால் ஒலி உடம்புக்குள் போகாது.

நம் உள்காதிலும் இருப்பது நீர்தான். அந்த இழப்பை ஈடுகட்டுவது நடுக்காதின் வேலை. செவிப்பறையில் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். உள்காதைத் தொடும் கடைசிக் குட்டி எலும்பின் அடித்தட்டு 3.2 சதுர மில்லிமீட்டர்தான். பெரிய பரப்பில் விழும் விசை சிறிய பரப்பில் குவிவதாலும், எலும்புகள் நெம்புகோலாக வேலை செய்வதாலும் அழுத்தம் 20 மடங்குக்கு மேல் கூடுகிறது. நடுக்காதில் காற்று இருக்கவேண்டிய இடத்தில் நீர் நின்றால் இந்த ஏற்பாடு மந்தமாகிவிடும். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்குப் பாதிச் சொல்தான் போய்ச் சேரும்.

இதைக் கண்டுபிடிக்கும் ‘இம்பிடன்ஸ்’ சோதனை எளிது. அம்மா மடியில் பிள்ளை உட்காரலாம். காதுத் துளையை மூடும் அளவுக்கு ஒரு சிறு ரப்பர் முனையை வைப்பார்கள். உள்ளே 226 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். கூடவே காற்றழுத்தம் ஏறி இறங்கும். காது அடைத்துத் திறப்பது போல இருக்குமே தவிர வலிக்காது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. அழாமல், பேசாமல், எச்சில் விழுங்காமல் சில நொடிகள் இருந்தால் போதும். டென்மார்க் மருத்துவர் ஓட்டோ மெட்ஸ் 1946-ல் காதுகளின் ஒலித்தடையை அளந்து வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடிப்படை.

முடிவு ஒரு வரைபடமாக வரும். கோடு நடுவில் கூம்பி எழுந்தால் ‘ஏ’ வகை, நடுக்காது சரியாக இருக்கிறது. கூம்பு இடப்பக்கம் தள்ளிப்போனால் ‘சி’, மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சரியாகத் திறப்பதில்லை என்று பொருள். கோடு தட்டையாகக் கிடந்தால் ‘பி’. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘பி’ என்றாலே நீர் என்று முடிவு கட்டக் கூடாது. பக்கத்தில் காதுத் துளையின் கொள்ளளவு மில்லிலிட்டரில் அச்சாகியிருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழ 0.4 முதல் 1.0 வரை இருக்கலாம். அந்த எண் சரியாக இருந்து கோடு தட்டையாக இருந்தால் நீர் என்று சந்தேகிக்கலாம். எண் மிகவும் குறைந்தால் காதழுக்கு அடைத்திருக்கலாம். மிகவும் கூடினால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். ஓட்டை உள்ள காதில் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினால் அது நேரே நடுக்காதுக்குப் போகும். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஏ’ வந்தால் காது நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தமில்லை. நரம்புக் கோளாறு உள்ள பிள்ளைக்கும் ‘ஏ’ வரும். ஆகவே கேட்கும் திறனைப் பார்க்கும் ஆடியோகிராம் அல்லது பெரா சோதனையையும் வயதுக்கேற்பக் கேளுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 226 ஹெர்ட்ஸ் தவறாகக் காட்டக்கூடும். 1,000 ஹெர்ட்ஸில் எடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் முனை சுத்தம் செய்யப்பட்டதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்தால் மூக்கின் பின்புறத்தையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அங்கே கட்டி இருப்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். காய்ச்சலோ வலியோ இல்லாமல் வெறும் நீர் மட்டும் நிற்கும்போது ஆன்டிபயாடிக் மாறி மாறிக் கொடுப்பதால் பயனில்லை. மூன்று மாதம் தாண்டியும் நின்று, கேட்கும் திறனும் குறைந்திருந்தால்தான் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது போன்ற சிகிச்சைகளைப் பற்றிப் பேச வேண்டும். கல்யாண மண்டபத்தில் நடக்கும் ‘இலவச முகாமில்’ முதல் நாளே காது மிஷினுக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு. நீர் கோத்த பிள்ளைக்கு இழப்பு பொதுவாக 25, 30 டெசிபல் அளவில் நின்றுவிடும். சான்றிதழ் கிடைக்காது, ஆனால் படிப்பு போகும். இந்த இடைவெளி எனக்கு வேதனை தருகிறது. அதே சட்டத்தின் 25-வது பிரிவு, ஆபத்திலுள்ள பிள்ளைகளைக் கண்டறிய ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்கச் சொல்கிறது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, உங்கள் சந்தேகத்தை எழுதிக் கொடுங்கள். அவர்கள் வேனில் இந்தக் கருவி இல்லாவிட்டாலும் மேல் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கலாம். அதுவரை முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

சோதனை செய்கிற ஆடியாலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 1992-ம் ஆண்டுச் சட்டம். பதிவு எண்ணைக் கேளுங்கள். வரைபடத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் கொடுக்க வேண்டும் என்பது விதி.

தேவையில்லாத மிஷினை விற்றார்கள், தவறான சோதனைக்குப் பணம் பிடுங்கினார்கள் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் கிடையாது. பில், வரைபட நகல், முகாம் நோட்டீஸ் மூன்றையும் பத்திரமாக வைத்திருந்து, பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.