பட்டம் கிடைக்காதவரின் பீங்கான்

விருத்தாசலத்துப் பீங்கான் நம் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் மின்சாரத்தோடுதான். மெயின் போர்டில் மாட்டியிருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் பட்டறைகள் அந்த ஊரில் உண்டு. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுப் பயிலகமும் உண்டு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்தே வருகிறது.

இந்த வெள்ளை மண்ணின் ரகசியத்தை இங்கிலாந்தில் பிடித்தவர் வில்லியம் குக்வொர்தி, 1705இல் பிறந்தவர், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இங்கிலாந்துக் குவேக்கர்களின் வழிபாட்டில் பாதிரியார் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், பேசத் தோன்றியவர் எழுந்து பேசலாம். அரசுத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்திட மறுத்ததால் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அவர்களுக்குப் பட்டம் கிடையாது. அந்தக் கதவு முழுதாகத் திறக்க 1871 ஆயிற்று.

குக்வொர்திக்குச் சிறுவயதிலேயே தந்தை இல்லை. 1720இல் சவுத் சீ கம்பெனிப் பங்குகள் சரிந்ததில் குடும்பப் பணமும் போயிற்று. லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த சில்வானஸ் பெவன் என்ற குவேக்கர் அவரைத் தொழில் பழக அழைத்துக்கொண்டார். வண்டிக்குக் காசில்லாமல் பையன் டெவனிலிருந்து நடந்தே போனான் என்கிறார்கள். பிறகு பிளிமத்தில் கடை வைக்கவும் பெவன்தான் துணை நின்றார். வசதியில்லாத குவேக்கர் பிள்ளைகளுக்காக நன்கொடை திரட்டி ஆக்வொர்த் பள்ளி தொடங்கியது 1779இல்தான்; அதற்கு வெகுமுன்பே அந்தச் சமூகம் தன் பிள்ளைகளை இப்படிக் கைதூக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

சீனாவின் ஜிங்டெஜென் சூளைகளைப் பற்றி தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்கள் குக்வொர்தியின் கண்ணில் பட்டன. பீங்கானுக்கு வெள்ளைக் களிமண் எலும்பு, பொடித்த கல் சதை என்பது சீனத் தொழிலாளர் கணக்கு. 1740களில் கார்ன்வாலின் டிரிகானிங் குன்றில் அந்த மண்ணை அவர் கண்டுகொண்டார். கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் காலப்போக்கில் சிதைந்து உண்டாவதுதான் அது.

எலும்பு, சதை என்றது வெறும் உவமை இல்லை. கயோலின் என்னும் இந்த மண் நுண்ணிய தகடுகளால் ஆனது. ஈர அப்பளங்களை அடுக்கியதுபோல அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் பிசைந்த மண் சொன்ன வடிவத்துக்கு வளைகிறது. சூளையில் 550 டிகிரி வாக்கில் தகடுகளுக்குள் வேதிமுறையில் பூட்டிக்கிடந்த நீர் வெளியேறும். அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பழைய களிமண் திரும்பாது. 573 டிகிரியில் கலவையிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று அளவு மாறும். ஆறவைக்கும்போது அவசரப்பட்டால் பண்டம் விரிசல் விடுவது இதனால்தான். 1200ஐ நெருங்கும்போது பொடித்த கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி இடுக்குகளை நிரப்பும். அதற்குள் ஊசி ஊசியாக முல்லைட் படிகங்கள் வளர்ந்து அதைத் தாங்கும்.

துளைகள் அடைபட்டுவிட்டால் ஈரம் உள்ளே போகாது. ஈரம் இல்லாவிட்டால் மின்சாரத்துக்கும் வழியில்லை. மழையில் நனைந்தபடி மின்கம்பத்து இன்சுலேட்டர் வேலை செய்வதற்கு மேலே பூசிய மெருகு பாதிக் காரணம், உள்ளே அடைபட்ட துளைகள் மீதி. பானை செய்யும் மண்ணால் இதைச் செய்ய முடியாது.

மண்ணைக் கண்ட பிறகும் குக்வொர்தி காப்புரிமை பெற 1768 ஆகிவிட்டது. இடையில் இருபது வருடங்களுக்கு மேல் சோதனை. அப்புறமும் அவருடைய பண்டங்கள் பல கோணிக்கொண்டன, புகை படிந்து மங்கின. கண்ணாடிக் குழம்பு கொஞ்சம் கூடினால் பண்டம் தன் எடையிலேயே சாயும்; குறைந்தால் துளை அடைபடாது. இன்றைய பாடப்புத்தகம் பாதி களிமண், கால் ஃபெல்ஸ்பார், கால் குவார்ட்ஸ் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

அவரிடமிருந்து உரிமையை வாங்கிய ரிச்சர்ட் சாம்பியனும் குவேக்கர்தான். 1775இல் அவர் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்டபோது பீங்கான் பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் நாடாளுமன்றம்வரை போய் எதிர்த்தார். நீட்டிப்பு கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: ஒளி ஊடுருவும் பீங்கானுக்கான கலவை மட்டும் சாம்பியனுக்கு, மற்றப் பண்டங்களுக்கு அந்த மண்ணையும் கல்லையும் எந்தக் குயவரும் எடுத்துக்கொள்ளலாம்.