இடைநீக்கம் தீர்ப்பு அல்ல

மைதானத்துக்கு வெளியே ஓர் ஆட்டக்காரர் மீது புகார் எழுந்தால் கழகம் என்ன செய்ய வேண்டும்? இலங்கை கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக வழக்கைப் பார்ப்போம். 2022 நவம்பரில், டி20 உலகக் கிண்ணத்தின்போது, பாலியல் புகாரில் அவர் சிட்னியில் கைதானார். இலங்கை கிரிக்கெட் வாரியம் உடனே அவரை இடைநீக்கம் செய்தது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவர் குற்றவாளி அல்ல என விடுவித்தது. அடுத்த மாதம் வாரியமும் தடையை நீக்கியது.

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் காற்பந்துக் கழகங்களுக்கும் இது பாடம். நல்ல ஆட்டக்காரர் என்பதற்காகப் புகாரை மூடி மறைக்கக்கூடாது. போலீசுக்குப் போகிறவரைத் தடுக்கவும் கூடாது. விசாரணை முடியும்வரை அவரை ஆட்டத்தில் இறக்க வேண்டாம். அதற்குள் குற்றவாளி என்றும் பட்டம் கட்ட வேண்டாம். இதைக் கழகச் சட்டவிதியில் இப்போதே எழுதி வையுங்கள். அப்போதுதான் ஆள் பார்த்து முடிவெடுக்கும் நிலை வராது.